அண்ணன் வண்டியில் எழுதப் பழகினேன்

என் அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், உடனே வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று எழுந்து போய்விடுவான். வண்டி என்றால் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய ஒரு சின்ன லாரி. பழைய வண்டியாக வாங்கி, பெயின்ட் அடித்து, முன்கண்ணாடியில் மாதா படம் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி வாசலில் நிறுத்தி வைத்திருப்பான். பெண்கள் வண்டியைப் பார்த்தார்களே தவிர அவனைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அது பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.

எங்கள் ஊர் தருவைகுளம் கரையில் ஏலம் முடிந்ததும் வியாபாரி எடுத்த மீனை ஐஸ் போட்டு அடுக்கி ஏற்றிக்கொள்வான். விடிவதற்குள் கேரளச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஒரே வியாபாரியை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்பா போன பிறகு அவர் மீன் பிடித்த வள்ளத்தை விற்றுத்தான் அண்ணன் இந்த வண்டியை வாங்கினான்.

நான் தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவளுக்கு எங்கள் ஊரில் கிடைத்த வேலை அதுதான். கடலில் விழுந்த போன்களாகவே என் மேசைக்கு வரும். உப்புத் தண்ணீர் செம்பைத் தின்று பச்சையாகப் பூத்திருப்பதைத் துடைத்துத் துடைத்து என் கண்ணே பச்சையாகிவிட்டது. எனக்கு வேலையில் பொறுமை உண்டு, மனிதர்களிடம்தான் கிடையாது. போன் தண்ணீரிலேயே விழவில்லை என்று சாதிக்கிற வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்து, போனைக் கவிழ்த்து, உள்ளே இருந்து மணல் கொட்டுவதைக் காட்டுவேன். முதலாளி என்னைக் கல்லாப் பக்கம் வரவே விடமாட்டார்.

ஒருநாள் ஒரு டாக்ஸிக்காரர் உடைந்த கார் சாவியைக் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் சில்லைப் பெயர்த்து வேறு சாவியில் வைக்க முடியுமா என்று கேட்டார். வைத்துக் கொடுத்தேன். கார் ஸ்டார்ட் ஆனது. அவர் போய்விட்டார், எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒரு அரிசி அளவு சில்லை அந்தக் காருக்கு எப்படி அடையாளம் தெரிந்தது? உள்ளே யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? விசாரித்துக்கொண்டே போனபோதுதான் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியிடம் வந்து சேர்ந்தேன். மெக்கானிக்குகள் அதை இசிஎம் என்பார்கள், நான் மாட்யூல் என்பேன். இஞ்சின் எப்போது எவ்வளவு டீசல் குடிக்க வேண்டும், எந்தச் சாவிக்குத் திறக்க வேண்டும், எல்லாம் அதற்குள் எழுதி வைத்திருக்கிறது. எழுதியது என்றால் படிக்கலாம். படிக்க முடிந்தால் திருப்பி எழுதவும் முடியும். அந்த நினைப்பு வந்த அன்று பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கற்றுக்கொள்ள ஆரம்பித்த கதை கேவலமானது. முதலில் வீடியோக்கள். முக்கியமான இடம் வரும்போது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பாட்டுப் போட்டுவிடுகிற மனிதர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் ஆன்லைனில் மலிவாக ஒரு கருவி வாங்கினேன். அது எதைச் செய்தாலும் திரையில் 'வெற்றி' என்று காட்டியது. சந்தேகம் வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு எழுதச் சொன்னேன். அப்போதும் 'வெற்றி' என்றது. அதைத் தூக்கி அண்ணனிடம் கொடுத்தேன். அவன் அதைக் கொஞ்ச நாள் வண்டியில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தான்.

கடைசியில் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய் ஒரு சின்ன வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று முதல் நாள் எல்லாரும் கேட்டார்கள். அவர் இன்னும் பிறக்கவில்லை என்று சொன்னதில் கேட்பது நின்றது. அங்கே சொல்லிக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அடக்க ஒடுக்கம்தான். எழுதுவதற்கு முன் படி. படித்ததை இரண்டு இடத்தில் சேமி. பாட்டரி இறங்கவிடாதே. எழுதிக்கொண்டிருக்கும்போது யாரும் எதையும் தொடக் கூடாது, கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனாலும் மாட்யூல் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நடுவில் செத்துப்போகும். செத்துப்போன மாட்யூலை மூடியைத் திறந்து எழுப்பும் வழியையும் கடைசி நாளில் அவசர அவசரமாகக் காட்டினார்கள். அது உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும் என்று அந்த வாத்தியார் சிரித்தார். நல்ல மனிதர், ஆனால் வாய் முகூர்த்தம் சரியில்லை.

திரும்பி வந்து, அம்மா மீன் கழுவி வைக்கிற மேசையில் பாதியைப் பிடித்தேன். காயலான் கடையில் எடுத்த பழைய மாட்யூல்களுக்கு ஒயர் கொடுத்து, பாட்டரி கொடுத்து, ஓடாத வண்டிகளை அந்த மேசையில் ஓட்டினேன். அம்மா மறுபாதியில் சூடை மீன் ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். "ஏளா, அது உசுரோட இருக்கா?" என்பாள். சின்ன விளக்கு மின்னினால், இருக்கிறது என்பேன். "பாவம், எங்கன ஓடிக்கிட்டு இருந்துச்சோ" என்று அதற்காகவும் ஒரு பெருமூச்சு விடுவாள். செதில் தெறித்து ஒரு மாட்யூல் முழுக்க மீன் வாடை அடித்த நாளில் எங்களுக்குள் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஒரே ஒரு குறை. மேசையில் எத்தனை எழுதினாலும், சாலையில் ஓடுகிற உண்மையான வண்டியை யாரும் என்னிடம் தரவில்லை. துறைமுகச் சாலையில் லாரிகள் நிற்கிற இடத்துக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். டிரைவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, டிவி ரிமோட் பார்ப்பியாம்மா என்று கேட்டார். வந்த கோபத்தில் அதை அங்கேயே நின்று சரிசெய்து கொடுத்தேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார், அது இன்னும் கோபமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணனின் வண்டிக்கு நோய் வந்தது. ஏற்றத்தில் உதறியது, பிறகு சமதளத்திலேயே நொண்டியது. சுமை ஏற்றினால் நடக்கிற வேகம்தான். மீன் வண்டிக்கு அந்த வேகம் ஆகாது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு மாட்யூல் போய்விட்டது, புதிது வர நாளாகும் என்றார்கள். வண்டி வாசலில் நின்றது. வியாபாரி முதலில் இரண்டு மூன்று நாள் பொறுத்தார், பிறகு வேறொரு வண்டியில் சரக்கை அனுப்பினார். அவர் கெட்டவர் கிடையாது, மீன்தான் காத்திருக்காது. ஒரு வாரம் போனதும் அண்ணனுக்குப் போன் செய்தார். போன் சத்தம் பெரிதாக வைத்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஏலே, நாளைக்குச் சாயங்காலம் லோடு. உன் வண்டி வந்தா உனக்கு. வரலன்னா மத்த வண்டிக்காரனுக்கே நிரந்தரமா சொல்லிருதேன். மனசுல வெச்சுக்கிடாத."

அண்ணன் சரி அண்ணாச்சி என்று வைத்துவிட்டு வாசலுக்குப் போய், வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மாட்யூலை நான் அதற்கு முன்பே கழற்றிப் பார்த்திருந்தேன். சீட்டுக்குக் கீழே இருந்த இடம் வரை ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கசிந்து வந்திருந்தது. அந்தப் பச்சையை எனக்குத் தெரியாதா? டீசலைப் பீய்ச்சும் ஒரு இன்ஜெக்டருக்கு உத்தரவு போகிற வழி மட்டும் அரித்துப் போயிருந்தது. எழுதி வைத்த நினைவு அப்படியே இருந்தது. நான் அதை முழுக்கப் படித்து, சொல்லிக் கொடுத்தபடி இரண்டு இடத்தில் சேமித்திருந்தேன். மதுரையில் உடைக்கப் போட்ட இதே மாதிரி வண்டியிலிருந்து ஒரு மாட்யூலும் வரவழைத்தாயிற்று. ஆனால் அது வேறு வண்டியின் மாட்யூல். அதற்கு அண்ணனின் சாவி அந்நியம், ஸ்டார்ட் ஆகவே விடாது. நான் படித்து வைத்த நினைவை அதன் மேல் எழுதினால், அது தன்னை அண்ணன் வண்டியின் மாட்யூல் என்றே நம்பும். மூடியைத் திறக்காமல், வண்டியிலேயே மாட்டி, கோளாறு பார்க்க ஒயர் மாட்டுகிற டயக்னாஸ்டிக் சாக்கெட் வழியாக எழுதலாம். எளிதாகச் சொல்லிவிட்டேன். அதை நான் ஒருமுறைகூட வண்டியில் செய்ததில்லை.

அண்ணன் துணியோடு உள்ளே வந்தான்.

"ஏளா, ஒன்னால முடியுமா முடியாதா? அத மட்டும் சொல்லு."

"முடியும்ணே. ஆனா இதுவரைக்கும் வண்டில செஞ்சதில்ல. மேசைலதான்."

"அப்ப என் வண்டிதான் மொத வண்டி. அவ்வளவுதான?"

அவ்வளவுதான் என்றேன். அவன் என்னை நம்பியதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சேமித்தது இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அம்மா வற்புறுத்திப் பெண் பார்க்கக் கூட்டிப்போனபோதுகூட அவன் அந்தச் சட்டையைப் போட்டதில்லை. அவனுக்கு ஒரு வேலை இருந்தது. எழுதும் வேலையில் ஒவ்வொரு கட்டத்திலும் லேப்டாப் சாவியை அணைக்கச் சொல்லும், போடச் சொல்லும். நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் சாவியைத் திருப்ப வேண்டும். பக்கத்து வீட்டு டிராக்டர் பாட்டரியை இரவல் வாங்கிச் சேர்த்துக் கட்டியிருந்தேன். பிறகு என் உத்தரவுகளைப் போட்டேன். ஹாரன் அடிக்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. ஃபேன் போடக் கூடாது. போனை வண்டியில் சார்ஜ் போடக் கூடாது. பிரேக்கை மிதிக்கக் கூடாது, விளக்கு எரியும்.

"மூச்சு விடலாமா?" என்றான்.

"மெதுவா விடு."

ஆஃப் என்றேன், திருப்பினான். ஆன் என்றேன், திருப்பினான். அவன் அதைக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது போல் கவனமாகச் செய்தான். லேப்டாப் மாட்யூலைக் கண்டுபிடித்தது, பழைய எழுத்தை அழித்தது, புதியதை எழுத ஆரம்பித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் வெக்கை தாங்கவில்லை. சட்டை நனைந்து ஒட்ட, அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பாதியைத் தாண்டியதும் எனக்குத் தைரியம் வந்தது. இது முடிந்ததும் அந்த ரிமோட்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது கோயில் மணி அடித்தது. மத்தியான மணி.

எங்கள் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மத்தியான மணி கேட்டால் எங்கள் ஊரில் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள், திரிகால செபம் சொல்கிறவர்கள் சொல்வார்கள். அப்பா அதற்கும் ஒரு படி மேலே. வள்ளம் கரையை நெருங்கும்போது மணி கேட்டால் மோட்டாரை நிறுத்திவிடுவார். மாதாவிடம் பேசும்போது பக்கத்தில் மோட்டார் கத்தக் கூடாது என்பது அவர் கணக்கு. வள்ளம் அலையில் ஆடிக்கொண்டு கிடக்கும், செபம் முடிந்த பிறகுதான் கயிற்றை இழுப்பார். சின்ன வயதிலிருந்தே அவரோடு கடலுக்குப் போன அண்ணன் அதை அப்படியே வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டான். எந்த ஊர்க் கோயில் மணியானாலும் சரி, கேட்டால் ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் நெற்றியில் கை வைப்பான்.

மணி அடித்தது. டக் என்று ஒரு சத்தம் கேட்டது. லேப்டாப்பில் பச்சைக் கோடு நின்று, தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று சிவப்பில் வந்தது. நான் திரும்பிப் பார்த்தால், அண்ணன் கண்ணை மூடி, உதடு அசைய, பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

நான் போட்ட கத்தலில் அம்மா கையில் அரிவாள்மனையோடு ஓடிவந்தாள்.

"சாவிய ஏம்ணே அணைச்ச?"

"நான் எங்க அணைச்சேன்?" என்று கண்ணைத் திறந்தவன், சாவியைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். யாருடைய கையோ தன் தோளில் ஒட்டியிருப்பது போலப் பார்த்தான். "ஏளா, கை தானா போயிருச்சுளா" என்றான்.

ஆன் செய்து பார்த்தேன், ஆஃப் செய்து பார்த்தேன். மாட்யூலிடமிருந்து பதிலே இல்லை. அழித்தது பாதி, எழுதியது பாதி என்று நடுவில் செத்துப் போயிருந்தது. நான் ஆயிரம் உத்தரவு போட்டேன், மணியை மட்டும் நினைக்கவில்லை. அதே மணிக்கு நானும்தானே தினமும் சிலுவை போட்டுக்கொள்கிறேன்? அழுகை வந்தது. அவன் மேல் கோபமா என் மேல் கோபமா என்று பிரிக்கத் தெரியாத அழுகை.

அண்ணன் அம்மாவிடம் அரிவாள்மனையை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னான். பிறகு, "பழசயே மாட்டிருளா. நான் மெதுவா உருட்டிக்கிட்டே போயிருதேன்" என்றான்.

"உருட்டிக்கிட்டுப் போய்ச் சேரும்போது மீனு நாறிரும்ணே."

அந்த நேரம் பார்த்து வியாபாரி போன் செய்தார். அண்ணன் எழுந்து பூவரச மரத்தடிக்குப் போனான். இல்லை என்று சொல்லப் போகிறான், அத்தோடு இந்த வீட்டில் எல்லாம் முடிந்தது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"வண்டி ரெடி அண்ணாச்சி. சாயங்காலம் வந்துருதேன். மத்த வண்டிய வரச் சொல்லிராதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் திரும்பி வந்ததும் பாய்ந்தேன். "எத நம்பிச் சொன்ன? செத்துக் கெடக்கு, கண்ணு தெரியலயா?"

"நீ சரி பண்ணிருவ" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் கடைசி நாள் காட்டிய வழி ஒன்று இருந்தது. மாட்யூலின் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே போர்டில் ஒரு பொட்டு இடம் உண்டு. கரண்ட் வருகிற அந்த நொடியில் அதை ஒரு ஊசியால் எர்த்தோடு சேர்த்துத் தொட்டால், மாட்யூல் தன் சொந்தப் புத்தியை விட்டுவிட்டு, வெளியே இருந்து யார் எழுதினாலும் எழுதிக்கொள் என்று கிடக்கும். அப்போது முழுவதையும் மறுபடி எழுதலாம். ஊசி தவறினால் மொத்தமும் போகும். வகுப்பில் அதை நான் பின்வரிசையில் எக்கி நின்று பார்த்ததோடு சரி.

மீன் மேசையை அம்மா சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத் தந்தாள். கடைக்குப் பஸ் ஏறிப் போய் முதலாளியிடம் சூட்டுக் காற்று மெஷினைக் கேட்டு வாங்கி வந்தேன். என்னவென்று அவர் கேட்கவில்லை, என் முகமே சொல்லியிருக்கும். மூடியை ஒட்டியிருந்த பசையைக் காற்றால் இளக்கி, கத்தி முனையால் சுற்றிலும் நெம்பி, கீறல் விழாமல் எடுத்தேன். செல்போன் கண்ணாடிகளை எடுத்து எடுத்துப் பழகிய கை தானாகவே வேலையைப் பிடித்துக்கொண்டது. இது எனக்குத் தெரிந்த வேலை.

அண்ணன் வாசற்படியில் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். நான் ஃபேன் போடச் சொன்னபோது சுவிட்சைக்கூட அம்மாதான் போட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, சொம்பைக் கையில் வாங்க மாட்டேன் என்பது போலத் தலையாட்டினான். சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் நேரமில்லை.

போர்டில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கையில் ஊசி. மறுகை போர்டு அசையாமல் பிடிக்க வேண்டும். நான் சொல்லுகிற அதே நொடியில் யாராவது பவர் சுவிட்சைப் போட வேண்டும். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது.

"எண்ணே, வா. சுவிட்சப் போடு."

"நான் மாட்டேன்ளா. எங்கைய நம்பாத."

"உங்கையத்தான் நம்புதேன். வந்து உக்காரு."

அவன் அங்கேயே நின்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. மத்தியானத்திலிருந்து என்னைத் தேற்றுகிறவனாக நின்றவன், உள்ளுக்குள் தன் கையைச் சபித்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவிடமிருந்து வந்த கை அது. அந்தக் கைதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, டிப்ளமோவுக்குப் பணம் கட்டியது. எனக்கு அதையெல்லாம் சொல்ல வராது.

"வாரியா, இல்ல அடிக்கட்டுமா?" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். ஊசியை வைத்தேன். ம் என்றேன். போட்டான். லேப்டாப் ஒன்றும் காட்டவில்லை. அணைத்தான். ஊசியை ஒரு மயிரிழை நகர்த்தினேன். ம் என்றேன். போட்டான். திரையில், மாட்யூல் தன் சில்லின் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

"ஏளா, உசுரு வந்துட்டா?" என்றாள் அம்மா.

வந்துவிட்டது என்று தலையாட்டிவிட்டு ஊசியைக் கீழே வைத்தேன். எழுதும் கோடு மறுபடி நகர்ந்த நேரம் முழுவதும் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எழுதி முடித்ததைத் திரும்பப் படித்து, சேமித்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. மூடியை ஒட்டி, தண்ணீர் புகாதபடி ஓரமெல்லாம் பசை இழுத்து, இந்தத் தடவை சீட்டுக்குக் கீழே வைக்காமல் மேலே உயர்த்தி மாட்டினேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த அண்ணன் சாவியைத் தொடாமல் என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். திருப்பினான். ஒரே முறுக்கில் பிடித்தது. உதறல் இல்லை, நொண்டல் இல்லை, பழைய குரல். அம்மா மாதாவே என்றாள். அண்ணன் இறங்கி வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தான், வலித்தது. பிறகு நல்ல சட்டையை மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் லோடு ஏற்றப் போய்விட்டான்.

அவன் போன பிறகு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாசலில் ஸ்டார்ட் ஆவது ஒன்று, சுமையோடு சாலையில் ஓடுவது வேறு. நான் ஒட்டிய மூடி குலுக்கலில் பெயருமா? சூடேறினால் என்ன ஆகும்? நடுவழியில் நின்றால் மீன், வியாபாரி, வண்டி, எல்லாம் சேர்ந்து போகும். யாரிடமும் சொல்லாமல் மேசையைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு அண்ணனின் போன் வந்தது. ஹலோ என்றேன், பதில் இல்லை. லாரிகள் போகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு கதவு மூடியது. பிறகு சாவி திரும்பி, இஞ்சின் பிடித்து உறுமியது.

"கேட்டுதாளா? திருநவேலி தாண்டிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நான் சாப்பிட உட்காரும்போது மறுபடி வந்தது. மறுபடி பேச்சில்லை, முறுக்கு, உறுமல். "நாகருகோயிலு" என்றான், வைத்தான். அன்றைக்கு நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

காலையில் கேரளச் சந்தையிலிருந்து கூப்பிட்டான். பின்னால் மலையாளத்தில் ஏலச் சத்தம். சரக்கை நல்ல ஐஸோடு இறக்கியாயிற்று, நாளைக்கும் லோடு உனக்குத்தான் என்று வியாபாரி சொல்லிவிட்டார் என்றான். அதைச் சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே, மறுபடி போனை இஞ்சின் பக்கம் பிடித்து ஒரு முறை ஸ்டார்ட் செய்து காட்டினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழுது பார்த்த கையோடு மீன் ஏற்றிய வண்டியை வழியில் யாரும் அணைக்கமாட்டார்கள். டீக் குடித்தாலும் இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இவன் எனக்குச் சத்தம் கேட்கட்டும் என்று அணைத்திருக்கிறான், அதுவும் வழி நெடுக.

"எண்ணே, ஒனக்குக் கிறுக்கா? லோடோட எவனாவது வண்டிய அணைப்பானா? அணைச்சது திரும்பப் பிடிக்கலன்னா நடுரோட்டுல என்ன செஞ்சிருப்ப?"

"ஒனக்குப் போன் போட்டிருப்பேன்" என்றான். "அதான் கையிலயே வெச்சிருந்தேனே."